அவர் சொன்னதை அப்படியே சொல்

புஜைராவில் ஒரு மருத்துவமனையின் பார்மசி ஜன்னலுக்குப் பின்னால் நின்றே என் வளைகுடா வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கடற்கரையோரம் எண்ணெய்த் தொட்டிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. தொட்டி கட்ட வந்தவர்கள், கப்பலில் வந்தவர்கள், வீட்டு வேலைக்கு வந்தவர்கள் என எல்லாரும் கடைசியில் என் ஜன்னலுக்குத்தான் வந்தாக வேண்டும். நான் முகங்களைவிடப் பைகளைத்தான் அதிகம் பார்த்தேன். மருந்துப் பையின் கனத்தை வைத்தே, ஆள் எந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று சொல்லிவிடுவேன்.

மனநலப் பிரிவிலிருந்து வரும் பைகள் தனி ரகம். முதலில் ஒரே ஒரு மாத்திரை இருக்கும். அது கையை நடுங்க வைக்கிறது என்று அடுத்த முறை இரண்டாவது சேரும். இரண்டாவது வாயை வறளவைத்து வயிற்றைக் கட்டும். அதற்கு மூன்றாவது. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழித்துக் கிடக்கிறார் என்று நாலாவது. இங்கே ஒருத்தன் விசா கிடைத்து வந்துவிட்டு, பிறகு மச்சானையும் மச்சானின் தம்பியையும் தம்பியின் சகலையையும் வரவழைத்து ஒரே ரூமில் அடைத்துக்கொள்வானே, அந்த மாதிரிதான். கொஞ்ச நாள் போனால் முதலில் வந்தவன் எதற்காக வந்தான் என்பதே மறந்துபோகும். எண்ணிப் போட்டுப் பையைக் கட்டிக் கொடுக்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் எழுதுவது டாக்டர், கொடுப்பது நான். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தார். சூடான் நாட்டுக்காரர். நல்ல உயரம். உடுப்புக்கு மேல் வெள்ளைத் துணியை உடம்பு முழுக்கச் சுற்றித் தலையிலும் போட்டிருப்பார். நடந்தாலும் பேசினாலும் அவசரமே கிடையாது. அவர் வந்த சில வாரங்களில் பைகள் இளைக்க ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மாறாக மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காரணம், அவர் மருந்தைக் குறைக்கிற விதம். திடீரென்று நிறுத்தமாட்டார். முதலில் பாதி, பிறகு கால் என்று எழுதுவார். நிலக்கடலை அளவு இருக்கிற மாத்திரையை நாலாக வெட்டுவது யார்? நான்தான். வெட்டினால் ஒன்று பொடியாகும், ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடும். ஜன்னலில் நிற்கிறவர்கள் 'யல்லா, யல்லா', சீக்கிரம் என்று கத்துவார்கள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் மாடிக்கே போய்விட்டேன். "இப்படிக் கால் கால் என்று எழுதுவதற்குப் பேசாமல் நிறுத்தித் தொலைத்தால் என்ன?" என்று கேட்டேன். எங்கள் மருத்துவமனையில் டாக்டர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார். உடம்பு பழகிப்போன மருந்தைப் பட்டென்று பிடுங்கினால் பழைய நோய் போல ஒன்று வரும், அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் 'பார்த்தாயா, மருந்து இல்லாமல் இவனால் முடியாது' என்பார்கள் என்று விளக்கினார். பிறகு, "மாத்திரையை ஆரம்பிக்க என் கையெழுத்து போதும். நிறுத்த உன் கத்தியும் வேண்டும், சகோதரி" என்றார். என்னைக் கிண்டல் செய்கிறாரா பாராட்டுகிறாரா என்று புரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு வெட்டும்போது முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன்.

மருந்துக்கே எதிரி என்று அவரை நினைத்துவிடக்கூடாது. ஒரு டாக்சி டிரைவர் வந்தார். வண்டிக்குள் யாரோ மைக் வைத்துத் தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று டாஷ்போர்டையே கழற்றிப் போட்டவர். தூங்கிப் பல நாளாகியிருந்தது. டாக்டரம்மா அன்றைக்கே மாத்திரை எழுதி, முதல் மாத்திரையைத் தன் கண்முன்னாலேயே விழுங்கவைத்தார். ஆள் தெளிந்த பிறகு, 'இனி எனக்கு எதற்கு' என்று நிறுத்தப் பார்த்தபோது அவருக்கு விழுந்த திட்டு மாடியிலிருந்து என் ஜன்னல்வரை கேட்டது. தேவைப்பட்டவருக்குக் கொடுக்கவும் தேவையில்லாதவரிடமிருந்து எடுக்கவும் ஒரே அளவு பிடிவாதம் அவருக்கு. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது.

இன்னொன்றும் இருந்தது. நோயாளி தமிழராக இருந்தால் என்னைக் கூப்பிட்டுவிடுவார். அங்கே எல்லாருக்கும் பாலம் இந்திதான். அரைகுறை இந்தியில் நோயாளி சொல்ல, கூட வந்தவர் அதை இன்னும் அரைகுறையாக்கிச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொள்வார். இந்த அம்மா அதை ஏற்கமாட்டார். நோயாளி அவருடைய மொழியிலேயே பேச வேண்டும். நான் அதை இங்கிலீஷில் சொல்லும்போது சுருக்கி அழகுபடுத்தினால் கையை உயர்த்தி நிறுத்துவார். "உன் வார்த்தை வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே சொல்" என்பார். ஒருமுறை முதுகுவலிக்காரர் ஒருவர் 'உசுரு போவுது' என்று சொல்ல, கூட வந்த ஃபோர்மேன், ஆள் சாக ஆசைப்படுகிறார் என்று இந்தியில் விளக்கிவிட்டார். டாக்டரம்மா என்னை வரவழைத்து அந்த வார்த்தையை மறுபடி சொல்லவைத்தார். எங்கள் ஊரில் பல்வலிக்கும் உயிர் போகும், வெயிலுக்கும் போகும், மாமியார் வந்தாலும் போகும் என்றேன். அவர் சிரித்து முடித்து, முதுகுக்கு எக்ஸ்ரே எழுதினார்.

இங்கே இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். தொட்டி கட்டும் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு கிளினிக் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பக்காலா. மளிகைக்கடையை அங்கே அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னைப் போலவே கடற்கரைத் தமிழ் முஸ்லிம். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடுவோம். உடன்பிறந்தவரோ ஊர்க்காரரோ, வயதில் மூத்த ஆண் என்றால் காக்காதான். அந்தக் கடைக்காரரை மலையாளியும் பெங்காலியும்கூடக் காக்கா என்றே கூப்பிட்டார்கள், அதுதான் அவர் பெயர் என்று நினைத்து. தங்கமான மனிதர். கிளினிக்குக்குத் தமிழ் மட்டும் பேசுகிற ஆள் வந்தால், கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் போய் இந்தியில் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் வெல்டர் ஒருவர் டாக்டரம்மாவிடம் அனுப்பப்பட்டு வந்தார். புதுக்கோட்டைப் பக்கம். முப்பதைத் தாண்டியிருக்கலாம். நான் உள்ளே நுழைந்தபோது நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே பையில் என்ன மாத்திரை இருக்கும் என்று தெரிந்துவிட்டது. முகத்தில் அசைவே இல்லை. கண் சிமிட்டுவதுகூட மெதுவாக இருந்தது. மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. வெல்டருக்குக் கைதானே எல்லாம்.

கூட வந்திருந்தவர் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ், பாகிஸ்தானி. நல்ல மனிதர்தான். நடந்ததை அவர் சொன்னார். இந்த ஆளுடைய அப்பா ஊரில் இறந்துவிட்டார். அந்தச் சமயம் பிளாண்டை நிறுத்திவைத்துச் செய்கிற ஷட்டவுன் வேலை, யாருக்கும் லீவு கிடையாது. போகமுடியவில்லை. அதற்குப் பிறகு ஆள் யாருடனும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் பின்பக்கம் போய்விடுவார். அங்கே தனியாக நின்று பேசுவார், அழுவார். தொட்டி மேல் உயரத்தில் ஏறுகிற ஆள் என்பதால் பயந்துபோய் கம்பெனி கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அங்கே பக்கத்துக் கடைக்காரரை வைத்து விசாரித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது.

"தினம் மத்தியானம் படா பாய் வருகிறாராம், மேடம். இவர் கையால் சாப்பிடுகிறாராம். பேசிவிட்டுப் போகிறாராம். செத்துப்போன அப்பாதான் அந்த பாய் என்கிறார்" என்றார் கேம்ப் பாஸ். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் ஆபீஸில் கேட்டுப் பார்த்துவிட்டேன். இவர் ஒரே பையன். பாய் மாஃபி, அண்ணனே கிடையாது!" என்றார்.

இல்லாத அண்ணன் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோகிறார். எந்த டாக்டராக இருந்தாலும் மாத்திரை எழுதத்தான் செய்வார். கிளினிக் டாக்டரும் எழுதியிருந்தார். அது போதவில்லை என்று கூட்டினார். கை நடுங்கியதும் அதற்கும் ஒன்று எழுதினார். இப்போது கம்பெனிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: ஆள் ஃபிட்டா இல்லையா? இல்லையென்றால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பைத்தியம் பிடித்துத் திரும்பிவந்தவர் என்று ஒரு பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டால் பிறகு அதை எந்த மாத்திரையாலும் எடுக்கமுடியாது. ஃபிட் என்று சொல்லலாம் என்றால், இந்தக் கையோடு அவர் எப்படி வெல்டிங் ராடைப் பிடிப்பார்?

டாக்டரம்மா கேம்ப் பாஸை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமே. அவர் சொல்வதை அப்படியே" என்றார்.

நான் வெல்டரிடம் கேட்டேன். "தம்பி, மத்தியானம் யார் வர்றாங்க?"

"காக்காக்கா" என்றார். நாக்கு தடித்துப்போயிருந்தது. முதலாவது 'காக்கா', கடைசியில் வருவது எனக்கான 'அக்கா'. "காக்கா வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். அவரு சாப்புட்டாத்தான் நான் சாப்புடுவேன்."

நான் அப்படியே சொன்னேன்: அண்ணன் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. அப்பா இறந்துபோனால், எங்கள் பேச்சில் வாப்பா மவுத்தாகிவிட்டால், காக்காதானே வாப்பா ஸ்தானத்தில் வந்து நிற்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கத்து இந்துப் பையன் அண்ணனைக் காக்கா என்று எதற்குச் சொல்லப்போகிறான் என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். யாரும் நிற்கவில்லை. அந்த 'அவரு' என்ற மரியாதை எல்லாரையும் ஏமாற்றிவிட்டது.

டாக்டரம்மா மட்டும் நின்றார். அண்ணன் உண்மையா பொய்யா என்று அவர் கேட்கவே இல்லை. விருந்துக்கு வந்தவரைப் பற்றி விசாரிப்பதைப் போல, அக்கறையாக, சின்னச் சின்னதாகக் கேட்டார்.

"அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?"

"தயிர்ச்சோறு வச்சா உடனே வந்துருவாரு. சாம்பார் அவ்வளவா பிடிக்காது."

"என்ன உடுத்தியிருப்பார்?"

வெல்டர் கொஞ்சம் யோசித்தார். "கறுப்புதான். கழுத்துல மட்டும் சாம்பக் கலர்ல துண்டு போட்ட மாதிரி இருக்கும்."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். கறுப்புச் சட்டை, சாம்பல் துண்டு. என் மனதில் ஒரு கட்சிக்காரர் வந்து நின்றார்.

"வந்தால் எங்கே உட்காருவார்? ரூமுக்குள் வருவாரா?"

"இல்லக்கா. ஏசி பொட்டி மேல உக்காருவாரு. சில நாள் தகரக் கூரை மேல. சத்தம் போட்டுக் கூப்புட்டா கீழ எறங்கி வருவாரு."

ஏசி பெட்டி மேல். கறுப்பு. சாம்பல் கழுத்து. தகரக் கூரை. தயிர்ச்சோறு. எனக்குத் தலைகால் புரியாமல் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. அங்கே ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் அரை டஜன் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. கப்பலில் ஏறி வந்தவை என்று சொல்வார்கள். விசா இல்லாமல் வந்து செட்டிலாகி, பிள்ளைகுட்டி பெற்றுக்கொண்டவை. நான் அவற்றைக் கைகாட்டி, "அதோ, அதுதான் அண்ணன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார். பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ஆனால் இந்துக்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன் என்றேன். செத்துப்போனவர்கள் காகமாக வருவார்கள் என்பது நம்பிக்கை. முதல் பிடி சோற்றை அதற்கு வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள். அது வந்து கொத்தினால் மனசு நிறையும், வராவிட்டால் அப்பாவுக்கு என்ன கோபமோ என்று தவித்துப்போவார்கள். படித்தவர்கள், பட்டணத்துக்காரர்கள், ஆபீசர்கள் என்று எல்லாரும் செய்வதுதான். நாடு முழுக்க அதற்காக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தால் என் பார்மசி தாங்காது என்றேன்.

"எங்கள் ஊரில் கபருக்குப் போய், புதைத்த அந்த மண்ணிடம் பேசுவோம். என் அம்மா என் அப்பாவின் கபரிடம் வீட்டுச் சண்டையெல்லாம் சொல்வாள்" என்றார் டாக்டரம்மா. பிறகு வெல்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போதும் அவர் வருகிறாரா?" என்று கேட்டார்.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லக்கா. மாத்திர போட்டா மத்தியானம் எந்திரிக்கவே முடியல. நான் சோறு வைக்கல. அவரு வர்றதை நிறுத்திட்டாரு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எனக்கு அழுவணும்க்கா. வரமாட்டேங்குது. நெஞ்சுக்குள்ள முட்டிட்டு நிக்குது, கண்ணுக்கு வரமாட்டேங்குது. அப்பாவுக்கு நான் ஒருத்தன்தான். கொள்ளி வைக்கவும் போகல. அழுவக்கூட முடியலன்னா நான் என்ன மகன்?"

இதை நான் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கையை உயர்த்தவேண்டிய தேவை டாக்டரம்மாவுக்கு வரவில்லை.

அவர் மருந்தை அன்றைக்கே நிறுத்தவில்லை. முதலில் நடுக்கத்துக்குக் காரணமானதைப் பாதியாக்கினார். வாரா வாரம் வரவேண்டும் என்றார். கேம்ப் பாஸிடம், இப்போதைக்கு உயரத்தில் ஏற்றாதே, கீழே ஏதாவது வேலை கொடு, ஃபிட்டா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன் என்றார். கேம்ப் பாஸ், "மேடம், பறவையோடு பேசுகிற ஆளை நான் எப்படி நம்புவது?" என்று கேட்டார். "உன் அப்பா மவுத்தானபோது நீ அழுதாயா?" என்றார் அவர். "ஊருக்குப் போய், அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்" என்றார் கேம்ப் பாஸ். "இவருக்கு அது கிடைக்கவில்லை. அவ்வளவுதான் இவருடைய நோய்" என்றார் டாக்டரம்மா. கேம்ப் பாஸ் வெல்டரின் தோளைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

நான் சும்மா இருப்பேனா? அவர்கள் போனதும் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். காக்கா விஷயம் சரி, ஆனால் உள்ளே நிஜமாகவே வேறு ஏதாவது நோய் இருந்தால்? மருந்தைக் குறைக்கப்போய் அவர் ஏதாவது செய்துகொண்டால்? ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு மருந்து கொடுத்தார்கள், நாமும் ஒரு சொல்லை நம்பி மருந்தை எடுக்கிறோமே?

"நல்ல கேள்வி. அதனால்தான் வாரா வாரம் வரச்சொன்னேன். தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் பார்க்கப்போகிறோம். நான் தப்பாக இருந்தால் அதை முதலில் வந்து சொல்லப்போவது நீதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். இத்தனை வருடத்தில் என் வாய்த்துடுக்கை ஒரு வேலைக்கு ஆகும் என்று மதித்த ஒரே மேலதிகாரி அவர்தான்.

பக்காலா காக்காவுக்கு விஷயத்தை நானே போய்ச் சொன்னேன். தராசில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன தங்கச்சி சொல்றிய? காக்கான்னா அந்தக் காக்காவா?" என்றார். "யா அல்லாஹ், ஊர் பூரா என்னையக் காக்கா காக்கான்னு கூப்புடுது, எனக்கு வேற நெனப்பே வரல புள்ள. அந்தப் புள்ள அவரு அவருன்னு எம்புட்டு மரியாதையாச் சொல்லிச்சு!" என்று தலையில் கைவைத்தார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. உதவிக்குத்தானே ஓடினார். அடுத்த வாரம் வெல்டர் வருவதற்குள் ஒரு தயிர் டப்பா என் ஜன்னலுக்கு வந்துசேர்ந்தது. வெல்டரிடம் கொடுத்துவிடச் சொல்லிப் பக்காலா காக்கா அனுப்பியிருந்தார்.

அந்த வாரங்களில் நான் வெட்டிய கால் மாத்திரைகளை வேறு யாருக்கும் அவ்வளவு அழகாக வெட்டியதில்லை. ஒன்றுகூடப் பொடியாகவில்லை. வெல்டர் வருவார், ஜன்னலில் கையை நீட்டுவார். நான் மருந்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு கப் சுலைமானியைக் கையில் கொடுப்பேன். முதல் தடவை சட்டை பூராவும் டீ. பிறகு சாஸரில் மட்டும் சிந்தியது. பிறகு ஒருநாள் கப்பை ஒரு கையால் பிடித்துக் குடித்துவிட்டு, "சக்கரை கம்மிக்கா" என்றார். நான் உள்ளே போய் மாத்திரை அலமாரிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கை தேறியது. முகம் தேறியது. தூக்கமும் பேச்சும் ஒழுங்காக இருந்தன. நான் பயந்ததில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அழுகை மட்டும் வரவில்லை. காகமும் வரவில்லை. தினமும் ஏசி பெட்டி மேல் தயிர்ச்சோறு வைக்கிறார், கூப்பிடுகிறார், ஒன்றும் வருவதில்லை. நாள்பட அங்கே சோறு வைக்காமல் விட்டதில் அவை வேறு இடம் தேடிப் போயிருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "கோவமா இருக்காருக்கா. நடுவுல நான் விட்டுட்டேன்ல" என்றார். கடைசி கால் மாத்திரையும் முடிந்து, ஃபிட் என்று எழுதவேண்டிய நாளும் வந்தது. டாக்டரம்மா எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேலை தப்பியது, விசா தப்பியது. வெல்டர் நன்றி சொன்னார். ஆனால் எழுந்து போகவில்லை. கையிலிருந்த சாப்பாட்டு கேரியரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அதில் என்ன?" என்றார் டாக்டரம்மா.

"சோறு" என்றேன் நான்.

வெளியே வரிசையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா மேசையைப் பூட்டினார். "வா" என்றார்.

மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கட்டுக்கு வெளியே, ஜெனரேட்டர் ரூமின் சுவர் தாழ்வாக இருக்கும். உச்சி வெயில். நர்சுகள் இரண்டு பேர் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டரம்மாவும் பார்மசிக்காரியும் நோயாளியும் சுவர் ஓரமாக நிற்கிறோம். வெல்டர் கேரியரைத் திறந்து ஒரு பிடி தயிர்ச்சோற்றைச் சுவர் மேல் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று கூப்பிட்டார். "கா... கா... கா..."

வேப்பமரத்தில் இருந்தவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஒன்று பறந்தது, அதுவும் எதிர்ப்பக்கம் போனது. நானும் டாக்டரம்மாவும் அஞ்சு வேளை தொழுகிறவர்கள். அன்றைக்கு அந்த வெயிலில் நின்று நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்றுதான்: யா அல்லாஹ், ஒரு காக்காவை அனுப்பு. பக்கத்தில் பார்த்தேன். டாக்டரம்மாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. திடீரென்று சுவர் மேல் இருந்தது. தலையைச் சாய்த்து எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தது. சோற்றில் ஒரு கொத்து கொத்தியது. இன்னொரு கொத்து.

வெல்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தம் முதலில் அழுகை என்றே எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு உள்ளேயிருந்து வந்தது. "அப்பா, லீவு தரலப்பா. கேட்டேன்ப்பா, தரலப்பா. உங்களுக்கு நான் கொள்ளி வைக்கலப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். காகம் பறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நான் பழக்கதோஷத்தில் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே சொல்வதற்கு வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. என்ன சொன்னார் என்று அன்றைக்கு மட்டும் அவர் என்னைக் கேட்கவில்லை.